டார்ட்மூரில் சிவப்புக் கொடி பறக்கும்போது யெஸ் டார் ஏறலாமா?

கூடாது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் யெஸ் டார் குன்றில் ஏறப் போனபோது ராணுவத்தின் சிவப்புக் கொடி பறந்தது, ஆனால் சுடும் சத்தம் கேட்கவில்லை, முன்னால் நாலு பேர் நடந்துபோனார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் கொடி பறந்தால் சுடுதள எல்லையைக் காட்டும் சிவப்பு வெள்ளைக் கம்பங்களைத் தாண்டி உள்ளே போகவே கூடாது.

யெஸ் டார் (619 மீட்டர்), பக்கத்திலிருக்கும் ஹை வில்ஹேஸ் (621 மீட்டர்) இரண்டுமே ஒக்கம்டன் ராணுவச் சுடுதளத்துக்குள் வருகின்றன. நீங்கள் போன அன்று பயிற்சி அறிவித்திருப்பார்கள், கொடி பறந்ததற்கு அநேகமாக அதுதான் காரணம். இடையில் கொஞ்ச நேரம் சுடாமல் இருந்தால் அமைதியாகத்தான் இருக்கும், அதை நம்பி ஏறுவது வீண் வம்பு.

அடுத்த முறை கிளம்பும் முன் பிரிட்டன் அரசு இணையதளத்தில் டார்ட்மூர் சுடும் நேர அட்டவணையைப் பாருங்கள். அதில் ஒக்கம்டன், மெரிவேல், வில்ஸ்வொர்தி என்று மூன்று தளங்கள் தனித்தனியாக இருக்கும், உங்களுக்கு வேண்டியது முதலாவது.

அன்றைக்கே எங்காவது நடந்தாக வேண்டுமென்றால் டார்ட்மூரின் கிழக்குப் பக்கம் ஹேடார் என்ற பாறைக்குன்றுக்குப் போங்கள், அங்கே இந்தத் தொல்லையே இல்லை. பாறையைப் பார்த்துவிட்டு, 1820இல் கிரானைட் கல்லிலேயே தண்டவாளம் செதுக்கிப் போட்ட பழைய வண்டிப்பாதையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடங்கள். எனக்கென்னவோ யெஸ் டாரைவிட இதுதான் சுவாரசியம்! அப்புறம் ஹவுண்ட் டார், அதன் சரிவில் இடைக்காலக் கிராமம் ஒன்றின் இடிபாடுகள் கிடக்கின்றன.

ஒன்று மட்டும்: கொடி இல்லாத நாளிலும் சுடுதளத்துக்குள் ஏதாவது உலோகத் துண்டு கிடந்தால் தொடாதீர்கள், வெடிக்காத குண்டாக இருக்கலாம்.