கொடைக்கானலில் ஒரு சின்னக் கல்யாணம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கல்யாணக் கடிதங்கள்தான் அதிகம். மண்டபம் வேண்டாம், மலை மேல் ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களில் பலரும் கொடைக்கானலைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை பதில் முழுக்க கொடைக்கானலுக்குத்தான், ஊட்டி, ஏற்காடு ஆசைக்காரர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

கேள்வி: நானும் அவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். ஆயிரம் பேர் வரிசையில் வந்து மொய்க் கவர் கொடுக்க, கால் கடுக்க மேடையில் நிற்கும் கல்யாணம் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் புல்தரையில் அறுபது பேர் முன்னால் தாலி கட்டினால் போதும். எங்கிருந்து ஆரம்பிப்பது? – மணப்பெண், சென்னை

ஏரிக்கரையிலேயே நடத்தும் யோசனையை விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் கட்டிய ஏரி அது. கிட்டத்தட்ட 60 ஏக்கரில் நட்சத்திரம் மாதிரி கிளை விரித்துக் கிடக்கிறது, சுற்றிலும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை. அந்தச் சாலையில் விடிந்ததிலிருந்து வாடகை சைக்கிள், குதிரை, சோளக்கதிர் வண்டி, பஜ்ஜிக் கடை, ஹாரன். ஐயர் 'கெட்டிமேளம்' என்று சொல்லும் நேரத்தில் பின்னால் ஒரு குதிரை சாணி போட்டுவிட்டுப் போகும், முன்பின் தெரியாத நாற்பது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். பொது இடத்தில் யாரையும் தள்ளிப்போகச் சொல்லவும் முடியாது.

உங்களுக்கு வேண்டியது ஏரி கண்ணில் படுகிற ஒரு தனியார் புல்தரை. சரிவுகளில் புல்வெளியோடு பழைய பங்களாக்களும் விடுதிகளும் இருக்கின்றன. இணையத்தில் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள், ஒரு நடை போய்ப் பாருங்கள், அதுவும் முகூர்த்த நேரத்திலேயே. காலையில் பளிச்சென்று தெரிகிற ஏரி மத்தியானத்துக்கு மேல் மூடுபனியில் இருக்கிற இடமே தெரியாமல் போய்விடும் ஊர் அது.

போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை இல்லை. திடீரென்று மழை வந்தால் அறுபது பேரும் உட்கார அதே வளாகத்தில் கூரை உள்ள கூடம் உண்டா என்று கேளுங்கள். 'ஷாமியானா போட்டுக்கலாம்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம், மலைக்காற்று அடிக்கிற அடியில் ஈரமான ஷாமியானாவுக்குக் கீழே உட்காருவதைவிட உங்கள் ஊர் மண்டபமே மேல். கூடம் இருக்கிறது என்றால் உடனே அடுத்த கேள்வி: அதற்குள் ஓமம் வளர்க்க விடுவார்களா? பழைய பங்களாக்களில் தரை, கூரை எல்லாம் மரம், அக்னி என்றாலே தலையை ஆட்டிவிடுவார்கள். இது தெரியாமல் போய், முகூர்த்த நேரத்தில் மழையில் ஓமகுண்டத்தைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது பாருங்கள். அப்புறம் ஜெனரேட்டர், கழிப்பறை, அறுபது பேருக்கும் அங்கேயே படுக்க அறை, இதெல்லாம் வழக்கமான விசாரிப்பு.

மாதத்துக்கு என் ஓட்டு மாசி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், சித்திரை வைகாசியில் ஊரே சீசன் கூட்டத்தில் திணறும், போதாக்குறைக்குச் சாயங்கால மழை வேறு. மாசியில் மழையும் குறைவு, தை மாதக் குளிரும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பெரியவர்கள் தயங்கினால் 'மாசிக்கயிறு பாசி படியும்' என்று அவர்கள் பழமொழியையே எடுத்துவிடுங்கள், மறுபேச்சு வராது.

கேள்வி: மகள் ஆசைப்படுகிறாள், சரி என்று விட்டுவிட்டோம். ஆனால் ஜோசியர் தை மாதத்தில் காலை 4.30 முதல் 6.00 வரை முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருக்கிறார். பிரம்ம முகூர்த்தம், விட்டுவிடாதீர்கள் என்கிறார். வெட்டவெளியில் முடியுமா? – பெண்ணின் அம்மா, திருச்சி

முடியாது அம்மா. ஜோசியர் திருச்சியில் உட்கார்ந்து குறித்திருக்கிறார். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், தை மாத விடியற்காலையில் குளிர் எட்டு டிகிரியை ஒட்டி நிற்கும், ஏரியை ஒட்டிய பள்ளங்களில் சில நாள் புல்மேல் உறைபனியே படிந்திருக்கும். ஆறரை மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும், அதுவரை ஏரியும் தெரியாது மலையும் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தாலிமுடிச்சு தெரிந்தால் சரி. இருட்டிலேதான் நடத்தப்போகிறீர்கள் என்றால் அதற்கு எதற்கு மலை ஏற வேண்டும்?

வேறு நாள் பார்த்து 9.00 – 10.30 முகூர்த்தம் கேட்டு வாங்குங்கள். பனி விலகி, புல் உலர்ந்து, வெயில் இதமாக முதுகில் ஏறும் நேரம் அது. பட்டுப்புடவை ஈரப்புல்லில் இழுபட்டால் கரையோரம் முழுக்க மண்ணாகிவிடும், அதனால் மணவறைக்கு மட்டும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை போட்டு ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுங்கள். உட்காரும் பெரியவர்களுக்கும் கால் சில்லிடாது.

நாதஸ்வரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரக்காற்றில் தவில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப் போகும், வாசிப்பதற்கு முன் வெயிலிலோ அனலிலோ காட்டி இழுத்துக்கட்ட அவருக்கு நேரம் வேண்டும். வாசிக்கிறவர்களைக் கூட்டி வந்து திண்ணைப் பனியில் படுக்கவைக்காமல் அவர்களுக்கும் ஒரு அறை போடுங்கள், இதை எத்தனையோ வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

மல்லிகைப்பூ விஷயமும் இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் வத்தலக்குண்டுக்குப் பக்கத்திலேயே நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், முதல் நாளே கட்டிய சரமாக வாங்கிவிடலாம். ஆனால் மார்கழி, தையில் பனியால் மொட்டு குறைந்து விலை எகிறிவிடும், மாசி என்று நான் அடம்பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சாப்பாட்டுப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கீழிருந்து எங்கள் சமையல் மாஸ்டரையே கூட்டிப்போகலாமா, அங்கேயே ஏற்பாடு செய்வதா? – மாப்பிள்ளையின் தாய்மாமா, மதுரை

மாஸ்டர் மலையில் சமைத்துப் பழகியவர் என்றால் கூட்டிப்போங்கள், இல்லையென்றால் உள்ளூர்க்காரரிடம் விட்டுவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்த்தால் கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. மதுரைக் கணக்கில் அடுப்பு பற்றவைத்தால் பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பருப்பையும் கொண்டைக்கடலையையும் இரவே ஊறப்போட்டுப் பெரிய குக்கரில் வைக்கச் சொல்லுங்கள்.

இட்லி மாவு இன்னொரு தலைவலி. ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் அரைத்தபடியே இருக்கும், துளி பொங்கியிருக்காது. இட்லி இல்லாமல் கல்யாணக் காலைப் பலகாரமா என்று கேட்பவர்கள் இருந்தால் வத்தலக்குண்டிலேயே புளிக்கவைத்து ஏற்றுங்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், மலைப்பாதை குலுக்கலில் வழிந்து வேன் முழுக்க மணக்கும். என்னைக் கேட்டால் இட்லியை விட்டுவிட்டு வெண்பொங்கலும் மிளகு தூக்கலாக ஒரு கொத்சுவும் போடுவேன். அந்தக் குளிருக்கு அதுதான் இறங்கும்.

பந்தியை மட்டும் கூடத்துக்குள் வையுங்கள். புல்தரையில் போட்டால் காற்றில் இலை எழுந்து பறக்கும், பருப்பில் ஊற்றிய நெய் பிசைவதற்குள் வெள்ளையாகக் கட்டிப்போகும், சாம்பார் ஆறிவிடும். அறுபது பேர்தானே, முப்பது முப்பதாக இரண்டே பந்தி. ரசத்தை இலையில் ஊற்றாமல் ஆளுக்கொரு டம்ளரில் சுடச்சுடக் கொடுங்கள். சுக்குக்காப்பி அண்டா காலை முதல் அடுப்பை விட்டு இறங்கவே கூடாது.

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு பெரிய பஸ் பிடித்து எல்லோரையும் ஏற்றிவிடலாமா? – அதே தாய்மாமா

பெரிய பஸ் வேண்டாம். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு கொடைக்கானல் மலைப்பாதையில் 2024 நவம்பரிலிருந்து தடை, இரண்டு வேன் பிடியுங்கள். அதே வருடம் மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் கட்டாயம். காசு இல்லை, இணையத்தில் எடுத்துவிடலாம், ஆனால் சொந்தக் காரில் வருகிற ஒவ்வொரு உறவுக்காரருக்கும் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். வேன் ஏறும்போதே தண்ணீர் பாட்டில் பெட்டிகளை இறக்கிவிடுங்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் அங்கே கூடாது. கேன் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் போதும். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களை முன்சீட்டில் உட்காரவைத்து, வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறச் சொல்லுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும், முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்து இளைப்பாறினால் நல்லது.

கேள்வி: எங்களுக்கு ஐயரும் வேண்டாம், ஓமமும் வேண்டாம். நண்பர்கள் முன்னால் மாலை மாற்றி மோதிரம் போட்டுக்கொண்டால் சட்டப்படி செல்லுமா? – மாப்பிள்ளை, கோவை

இருவரும் இந்துக்கள் என்றால் தாராளமாகச் செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினரோ நண்பரோ மற்றவரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. இப்படிப்பட்ட கல்யாணத்தை ஊரறிய நடத்தியாக வேண்டும் என்று கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023-ல் சொல்லிவிட்டது, ஆக அறுபது பேர் தாராளம். மழை பெய்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை, அக்னி இல்லாததால் எந்த மரக்கூடத்திலும் நடத்தலாம்.

தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 60 நாள். பத்திரிகை அடிக்காமல் வாட்ஸ்அப்பிலேயே அழைத்துவிடலாம் என்று இருக்காதீர்கள், பதிவுக்கு அழைப்பிதழ் கேட்பார்கள், ஒரு இருபதாவது அச்சடித்து வையுங்கள்.

வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகக் கொடைக்கானல் போய் அங்கே நோட்டீஸ் கொடுக்க முடியாது. கோவையிலேயே பதிவை முடித்துக்கொண்டு, மலையில் விழாவை வையுங்கள்.

கேள்வி: அறுபது பேர் என்றால் என் நாத்தனார் வீட்டிலேயே முப்பது பேர். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது? – பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

குடும்பத்துக்கு இரண்டு பேர் என்று ஒரே கோடு போடுங்கள், உங்கள் கூடப் பிறந்தவர்களுக்கும் அதே கோடு. ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் அந்தச் செய்தி உங்கள் வேன் மலை இறங்குவதற்கு முன் தஞ்சாவூர் போய்விடும். அழைக்காதவர்களுக்கு ஊரில் வரவேற்பு வைக்கிறோம் என்பதைப் பின்னால் சமாதானமாகச் சொல்லாமல், தேதியோடு முதலிலேயே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லுங்கள். நாத்தனார் வீட்டுக்கு முதலில் போங்கள். மொய் எழுதுவதும் விருந்தும் அந்த வரவேற்பிலேயே நடக்கட்டும், பாதிக் கோபம் அங்கே கரைந்துவிடும்.

கேள்வி: ராத்திரி ஏரியைச் சுற்றி ஒரு நடை போகலாமா? – மணப்பெண்ணின் தம்பி

வேண்டாம் தம்பி. இருட்டினால் காட்டுமாடு ஊருக்குள்ளேயே இறங்கி நடக்கும், செல்பி எடுக்கப் பக்கத்தில் போனவர்களை முட்டியும் இருக்கிறது. அக்காவுக்கும் அத்தானுக்கும் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போ, கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடலாம்.