போட்ஸ்வானா, ஜாம்பியா: எங்கே வாழ்க்கைத்தரம் மேல்?

அண்டை நாடுகளான இவ்விரண்டில் வாழ்க்கைத்தரம் எங்கே உயர்ந்தது என்று கேட்டால், சராசரி வருமானத்தின்படி போட்ஸ்வானாவில்தான். 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றாக இருந்த அது, அடுத்த ஆண்டே ஓராபாவில் கண்டறியப்பட்ட வைரத்தின் வருவாயைச் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பொறுப்புடன் செலவிட்டது. செம்பையே நம்பியிருந்த ஜாம்பியாவோ, 1970-களின் நடுவில் அதன் விலை சரிந்ததும் கடனில் சிக்கியது. ஆனால் வருவாயைப் போட்ஸ்வானாவின் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்குப் பகிர்வதும் ஜாம்பியாவின் சுமார் 2 கோடி பேருக்குப் பகிர்வதும் ஒன்றல்ல.

எய்ட்ஸ் நோயால் கடுமையாகக் குறைந்த போட்ஸ்வானா மக்களின் சராசரி ஆயுளை மீட்டதில், 2002-இல் தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வைரத்தைவிட இதையே அந்நாட்டின் பெருஞ்சாதனையாக நான் மதிக்கிறேன். எனினும், கடும் ஏற்றத்தாழ்வும் இளைஞர்களின் வேலையின்மையும் நிலவும் அங்கே, சராசரி வருமானம் ஏழை வீட்டின் நிலையைக் காட்டுவதில்லை.