சைக்காலஜி படிப்புக்கு 9 லட்சம்: கொடுக்கலாமா?

கேள்வி: சார், நாங்கள் சாத்தூரில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, இப்போது பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் வருஷத்துக்குக் கட்டணம் 1,80,000, ஹாஸ்டலும் சாப்பாடும் 1,20,000 என்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு 9 லட்சம் ஆகிறது. எஃப்.டி.யில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா? "அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை, இன்ஜினீயரிங் சேருங்கள்" என்கிறார் என் கொழுந்தனார். போட்ட பணம் திரும்பி வருமா?

பதில்: உங்கள் மகள் சைக்காலஜி படிக்கலாம். ஆனால் அந்த இளநிலைப் பட்டத்துக்கு 9 லட்சம் கொடுக்காதீர்கள். இந்தத் துறையில் பெரிய செலவு செய்யவேண்டிய இடம் மூன்று வருஷம் கழித்துத்தான் வரும். அதற்குள் கை காலியாகிவிடக் கூடாது.

பி.எஸ்சி. முடித்ததும் 'சைக்காலஜிஸ்ட்' ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்க, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு. சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜியை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது, எம்.எஸ்சி. மட்டும் முடித்தாலும் கிடைக்காது. எம்.எஸ்சி.க்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருஷம் எம்.பில். என்பதுதான் நெடுங்காலம் வழக்கம். புதிய கல்விக் கொள்கையில் எம்.பில். போய்விட்டது. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற ஓரிரு துறைகளுக்கு மட்டும் 2025–26 வரை சேர்க்கையை நீட்டித்திருந்தார்கள். அதற்கு மாற்றாக, ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தோடு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற படிப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன. எந்த வழியில் போனாலும் இது குறைந்தது ஐந்து வருஷத்துப் பயணம். நீங்கள் மூன்று வருஷத்துக்கு மட்டும் பட்ஜெட் போட்டிருக்கிறீர்கள், அதிலேயே கையிருப்பு முழுவதும் தீர்ந்து கடனும் ஆகிறது.

சரி, கடனின் கணக்கைப் பார்ப்போம். 5 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வருஷத்துக்கு ஒரு தவணையாகப் பணத்தைக் கல்லூரிக்குக் கட்டும். படிக்கும் மூன்று வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். நான்கு வருஷம் முடியும்போது கடன் சுமார் 6,50,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 8,600 ரூபாய் கட்ட வேண்டும்.

பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டு ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலோ, சிறப்புப் பள்ளியிலோ, தொண்டு நிறுவனத்திலோ சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பாதி வங்கிக்குப் போய்விடும். சென்னையில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு மீதியில் வாடகையும் சாப்பாடும்தான் தேறும். இல்லை, மேலே படிக்கிறாள் என்றால் தவணையை வங்கி தள்ளிவைக்கலாம். வட்டியைத் தள்ளிவைக்காது. இன்னும் இரண்டு வருஷத்தில் அதே கடன் ஏழரை லட்சம் ஆகிவிடும். முதுநிலைக்கு வேறு பணம் தேட வேண்டும். இந்த நிலையில் பல பிள்ளைகள் 'இது போதும்' என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். இந்தப் படிப்பில் நஷ்டம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது என் யோசனை. அரசு கலைக் கல்லூரிகளிலும் சைக்காலஜி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியிலும் துறை உண்டு. அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். ஹாஸ்டலுக்கு மாதம் 7,000 என்று வைத்தால்கூட, அதைக் கடை வருமானத்திலிருந்தே கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். பத்து வருஷத்துக்கு 8,600 கட்டத் தயாராக இருக்கும் குடும்பம், மூன்று வருஷத்துக்கு 7,000 கொடுக்க முடியாமலா போகும்? அப்புறம், மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்குக்கு வரும். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷத்துக்கு 36,000. புத்தகம், பஸ், போன் செலவு அதிலேயே போகும்.

அந்த 4 லட்சத்தைத் தொடாதீர்கள். ஆறரை சதவீத வட்டி என்றால் மூன்று வருஷத்தில் சுமார் 4,85,000 ஆகும். அதை முதுநிலைக்கு வையுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, க்யூட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி முயலலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் உண்டு. கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றாலும் அந்தக் கட்டத்தில் வாங்குங்கள். மருத்துவமனைப் பயிற்சியோடும் ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தோடும் இருக்கும் படிப்புக்கு என்றால் நானே வாங்கச் சொல்வேன். அங்கே கொடுக்கும் பணத்துக்குப் பின்னால் ஒரு பதிவு எண் வரும். அதை வைத்து மருத்துவமனையிலும் சேரலாம், சொந்தமாகவும் உட்காரலாம்.

கொழுந்தனார் சொன்னதைப் பற்றி. வேலையே இல்லை என்பது சரியில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஆலோசகர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வாரியத்தின் விதி. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கும் ஆலோசகர்களை எடுக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் 'ஏதாவது ஒரு பட்டம்' போதும். மூன்று வருஷம் கழித்து மகளுக்கு மனசு மாறினால் இந்தக் கதவு திறந்தே இருக்கும். குறைந்த செலவில் முடித்திருந்தால் அப்போது யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: வெறும் இளநிலையோடு நின்றால் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். அதற்காக விருப்பமில்லாத பெண்ணை சுமாரான இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்து நான்கு வருஷமும் அரியரும் பார்ப்பது லாபமாகாது. அதற்கும் லட்சக்கணக்கில் ஆகிவிடும்!

தொலைதூரக் கல்வியில் மலிவாக முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. மூன்று மாத 'கவுன்சிலிங் டிப்ளமோ' விளம்பரங்களையும் அப்படியே தாண்டிப் போங்கள். சான்றிதழ் அழகாக இருக்கும், பதிவு கிடைக்காது.

வட்டி மானியம் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னால் அதையும் சரிபாருங்கள். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான மத்திய அரசின் முழு வட்டி மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. பி.எஸ்சி. சைக்காலஜி அதில் வராது. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான். உங்கள் வருமானத்துக்கு அதனால் பெரிய பலன் இருக்காது.

நகையை வைக்க வேண்டாம். நகைக்கடனைக் குறுகிய காலத்தில் திருப்பியாக வேண்டும். மகளுக்குச் சம்பளம் வருவதற்கு முன்பே மீட்கவோ, மாற்றி வைக்கவோ பணம் தேடி அலைய வேண்டியிருக்கும். கல்விக் கடனில் அந்தத் தொல்லையாவது இல்லை. நாலு லட்சம் வரை வங்கிக்கு உங்கள் பங்குத் தொகையும் காட்ட வேண்டாம், ஏழரை லட்சம் வரை அடமானமும் வேண்டாம்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் திறப்பார்கள். சைக்காலஜிக்கு இடம் குறைவு என்பதால், துறை இருக்கிற எல்லாக் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ போய்வரக்கூடிய அரசு உதவிபெறும் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னைக் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்லி நெருக்குவார்கள். கலந்தாய்வு முடிகிறவரை கட்டாதீர்கள்.