என் சமையல் குறிப்பையும் படங்களையும் வேறொரு தளம் அப்படியே சுட்டுவிட்டது. பதிப்புரிமை பதிவு செய்யாமல் நடவடிக்கை எடுக்க முடியுமா?

தாராளமாக. எழுதியதும் படம் எடுத்ததும் நீங்கள்தான் என்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை அப்போதே உங்களுடையது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எடுத்த படம் என்றால் பொதுவாக முதலாளிக்குப் போகும். பதிவு கட்டாயமில்லை, வழக்கு என்று வந்தால் சாட்சியாகக் கைகொடுக்கும், அவ்வளவுதான். கட்டுரைக்கோ படத்துக்கோ அரசுக் கட்டணம் 500 ரூபாய். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் கறக்கும் ஏஜென்ட்களை என்ன சொல்ல!

எதற்கு உரிமை என்பதில் தெளிவாக இருங்கள். 'துவரம்பருப்பு கால் கப், புளி எலுமிச்சை அளவு' என்ற பட்டியலுக்கும் ரசம் வைக்கும் முறைக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்கள் விவரித்த வாக்கியங்களும் படங்களும்தான் உங்கள் சொத்து. அதே ரசத்தை அவர்கள் சொந்த நடையில் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் சுட்டவருக்குக் கோபமாக மெயில் போடாதீர்கள். பக்கத்தை அழித்துவிட்டு 'எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்பார். முதலில் உங்கள் பக்கம், திருட்டுப் பக்கம் இரண்டையும் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் காப்பகத்தில்) சேமியுங்கள். லிங்க்கும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேமராவின் மூலக் கோப்பைத் தேடி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாகப் போய் வந்த பிரதியில் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்திருக்கும்.

அடுத்து, தளம் யாருடைய ஹோஸ்டிங்கில், அதாவது எந்த நிறுவனத்தின் சர்வரில், இருக்கிறது என்று பாருங்கள். கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே நிற்கும் சேவை) என்று காட்டினால் பெரும்பாலும் அது வெறும் முகமூடி. அவர்களிடம் புகார் கொடுத்தால் உண்மையான ஹோஸ்டுக்கு அனுப்புவார்கள். ஹோஸ்ட் அமெரிக்க நிறுவனம் என்றால் டிஎம்சிஏ நோட்டீஸ், அதாவது அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கச் சொல்லும் கடிதம், அனுப்புங்கள். அதில் உங்கள் பக்கத்தின் லிங்க், திருட்டுப் பக்கத்தின் லிங்க், தொடர்பு விவரம், அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று மனதார நம்புவதாக ஒரு வரி, சொன்னது உண்மை, உரிமையாளர் நானே என்று பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு ஒரு வரி, கையெழுத்து. இத்தனையும் வேண்டும். பலர் முகப்புப் பக்க லிங்க்கைக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் திரும்பி வந்ததும் சட்டத்தைத் திட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பி, நீங்களும் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலைநாட்களில் படம் மறுபடி ஏறிவிடும்.

இந்திய நிறுவனம் என்றால் 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதிப்படி புகார் கொடுங்கள். புகாரில் முகாந்திரம் இருந்தால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம்.

கூகுளிடம் தனியாகக் கேட்டால் தேடலில் மட்டும் மறையும், பக்கம் அங்கேயே இருக்கும். புகாரின் நகல் உங்கள் பெயரோடு லூமன் தளத்தில் (இத்தகைய நீக்கக் கோரிக்கைகளைத் தொகுத்து வெளியிடும் தளம்) வெளியாகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

'ஒரு ரசப் படத்துக்கு இவ்வளவா' என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: விமர்சனத்துக்காக ஓரிரு வரி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது, நானும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'நன்றி: கூகுள்' என்று போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு கூட்டம் நம்புகிறதே, கூகுளா அடுப்படியில் நின்று படம் எடுத்தது? உங்கள் பெயரையே போட்டிருந்தாலும் அது அனுமதி ஆகாது.

கடைசியில் வழக்குதான் என்றால், அதே சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.