போர் செய்த (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிய) போட்டு மோட்டாரும் முதல் பத்து மணி நேரமும்

காசிமேடு வாசகர்: புது பிஸ்டன் போட்ட பிறகு, கயிறு இழுத்தால் கையைப் பின்னுக்கு உதறுகிறது. பாயின்ட் பொருத்தியிருக்கும் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா?

பிளேட்டில் கை வைக்காதீர்கள். பொறி முன்கூட்டியே விழுந்தால்தான் கயிறு அப்படி உதறும். பிளேட் பழைய இடத்திலேயே இருக்கிறது என்றால், முதலில் ஃபிளைவீல் கீயை, அதாவது ஃபிளைவீலைக் கிராங்க் தண்டில் நகராமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டைப் பாருங்கள். ஃபிளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். கீயை எடுத்து விரலால் தடவினால், நசுங்கியதில் படி மாதிரி ஒரு தடம் தட்டுப்படும். 20 மி.மீ. விட்டமுள்ள கிராங்க் முனையில் அரை மி.மீ. விலகினாலே டைமிங் (பொறி விழும் நேரம்) கிட்டத்தட்ட 3 டிகிரி மாறிவிடும். புதுக் கீ போட்டு, கூம்புப் பகுதியை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

அப்புறம்தான் டைமிங். பாயின்ட் (திறக்கும்போது பொறி விழ வைக்கும் தொடுமுனை) கேப்பைச் சரிசெய்துவிட்டு, பிளக் துளையில் டயல் கேஜ் (நகர்வை மி.மீ.-இல் காட்டும் அளவி) வைத்து பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சியைக் கண்டுபிடியுங்கள். திராட்டிலோடு பிளேட்டும் நகரும் என்பதால் மேனுவலில் சொன்ன திராட்டில் நிலையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள மி.மீ. அளவுக்கு ஃபிளைவீலைப் பின்னால் திருப்புங்கள். பாயின்ட் அங்கேதான் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட் நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்துப் பிடித்தால், திறக்கும் நொடியில் தாள் நழுவி வரும். காதால் கேட்டு டைமிங் வைக்கும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சீக்கிரம் தட்டும் (எரிபொருள் முறைதவறி வெடித்துச் சத்தம் வரும்), பிஸ்டனே ஓட்டையாகும்.

நொச்சிக்குப்பம் வாசகர்: கரையிலிருந்து அலை தாண்டவே முழு திராட்டில் வேண்டும். ரன்-இன் (புது பிஸ்டனைப் பதமாக்கும் தொடக்க ஓட்டம்) எப்படிச் செய்வது?

மெரினா கரையில் இது நிஜமான சிக்கல். முதல் இரண்டு மணி நேரத்தை அங்கே ஓட்டாதீர்கள். மோட்டாரைக் காசிமேடு துறைமுகத்துக்குள்ளோ எண்ணூர் கழிமுகத்துக்கோ கொண்டுபோங்கள். வண்டி வாடகை ஆகும்தான், ஆனால் இன்னொரு முறை போர் செய்யும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடட்டும். முதல் மணி நேரம் முடியும்வரை அரை திராட்டில், அதையும் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இரண்டாவது மணியில் முக்கால் வரை போகலாம். அதற்கடுத்த 8 மணி நேரம், முழு திராட்டில் ஒரே மூச்சில் 5 நிமிடம் தாண்டக் கூடாது. அலை தாண்ட அது போதும். 50:1 பெட்ரோல்-எண்ணெய் கலவை மோட்டாருக்கு இந்த 10 மணி நேரமும் 25:1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. எண்ணெய்.

எண்ணூர் வாசகர்: வாசலிலேயே தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் சில நொடிகளிலேயே கெட ஆரம்பிக்கும். 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். பக்கத் துளையில் தண்ணீர் பீச்சவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.