மண்டபம் பக்கம் செல்லப்பிராணி தகன மையம் தொடங்கினால் ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்களா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. நாய், பூனைகளுக்கு ஒரு தகன மையம் வைக்க ஆசை. ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

முதலில் அந்த அரை ஏக்கரை மறந்துவிடுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடற்கரையில் இருந்தே ஆகவேண்டிய தொழில்களைத் தவிர வேறு புதுத் தொழிலை அதற்குள் விடமாட்டார்கள். நாயை எரிக்கக் கடல் எதற்கு என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. தெற்கே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது, வனத்துறையும் எட்டிப் பார்க்கும். சட்டத்தை விடுங்கள், மண்டபத்தின் நில அமைப்பையே பாருங்கள். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம் அது. எந்தக் காற்று அடித்தாலும் புகை யாராவது ஒருவர் வீட்டின் மேல்தான் போகும்.

நானும் அண்ணனும் ராமநாதபுரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில், கருவேலங்காட்டை அழித்த ஒரு புஞ்சையில் இந்தத் தொழிலை நடத்துகிறோம். எரிப்பான் அண்ணன் பொறுப்பு, கணக்கும் ஆபீஸ் அலைச்சலும் என் தலையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதிர்ப்பு கட்டாயம் வரும். அதை எப்படி அடக்குவது என்று யோசிக்காமல், வந்தவர் சொல்வதை உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கொட்டகையில் இன்றைக்கு உருப்படியாக இருக்கிற பாதி ஏற்பாடுகள் எங்களைத் திட்ட வந்தவர்கள் சொன்னவை.

காற்று விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிப்பான் விற்க வந்தவர் வரைபடத்தை விரித்து, புகைபோக்கியை ரோட்டோரம் வைத்தால் பராமரிக்கச் சுலபம் என்றார். பக்கத்துக் கொல்லைக்காரர், வயதான மீனவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "கச்சான் அடிக்கிற நாலஞ்சு மாசம் பொக எங்கிட்டுப் போகும்? வாடையில எங்கிட்டுப் போகும்? அதப் பாத்தீகளா?" வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பக்கத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கும், ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. ஆக, புகைபோக்கிக்கு வடகிழக்கிலோ தென்மேற்கிலோ வீடு இருக்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியில் புகைபோக்கி நிலத்தின் பின்பக்கம் போனது. இடம் பார்க்கப் போகும்போது திசைகாட்டியும் அந்த ஊர் மீனவர் ஒருவரும் கூட இருந்தால் போதும்.

எங்களுக்குப் பெரிய சண்டை கருவாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. நாய், பாவம், தீட்டு என்றெல்லாம் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தோம். கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "தம்பி, நாய எரிக்கிறது ஒன் பொழப்பு, கருவாடு என் பொழப்பு. சாம்பல் விழுந்த கருவாட்ட எந்த வியாபாரி எடுப்பான்?" என்றார். அண்ணன் எரிப்பானின் இரண்டாம் அறை, வெப்பநிலை என்று ஆரம்பித்தார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நியாயம்தானே, டிகிரி கணக்கைக் கேட்டா வியாபாரி கருவாடு எடுக்கிறான்?

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். முதல் தடவை எரிக்கும்போது அவர் கருவாடு காயப்போடும் வலைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். அப்படியே செய்தோம். சாயங்காலம் அவர் குனிந்து வேட்டியை விரலால் தேய்த்துப் பார்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார், உதறினார். மணல்தான் இருந்தது. "இன்னைக்கு இல்ல, சரி. வாடையில பாப்போம்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடையிலும் விரித்தார். அதற்கு அப்புறம் கருவாடு அள்ளும் நேரத்துக்குப் பிறகே எரிப்பது என்று பேசி முடிவானது. சாம்பல் விழாது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அந்த நேரக் கட்டுப்பாட்டை மீறுவதில்லை.

புகை வராமல் இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். மருத்துவக் கழிவு எரிப்பான்களுக்கு 2016 விதிகளில் ஒரு அளவு இருக்கிறது: முதல் அறை குறைந்தது 800 டிகிரி செல்சியஸ், அதிலிருந்து வரும் புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறை சுமார் 1050 டிகிரி, அங்கே புகை 2 விநாடியாவது தங்க வேண்டும், புகைபோக்கி 30 மீட்டர். நாங்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். கறுப்புப் புகை என்பது சரியாக எரியாத கொழுப்பு. இரண்டாம் அறை சூடேறும் முன் உடலை உள்ளே தள்ளினால் வரும், பாதியில் கதவைத் திறந்தாலும் வரும். கொழுத்த லேப்ரடார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவசரப்படும் ஆளை அந்த வேலையில் வைக்காதீர்கள். கருவேல விறகு இங்கே மலிவு என்று விறகு அடுப்புக்குப் போகவும் வேண்டாம். கரி மூட்டத்துப் புகையைப் பொறுத்துக்கொள்ளும் ஊர்தான், ஆனால் நாய் எரியும் புகையை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். எரிவாயு அல்லது டீசல் போதும். புகைபோக்கி எஸ்.எஸ்.-ஆக (துருப்பிடிக்காத எஃகு) இருக்கட்டும், உப்புக்காற்றில் இரும்புத் தகடு சீக்கிரம் பொத்துப்போகும். உச்சிப்புளிப் பக்கம் இடம் பார்த்தால் அங்கே கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதை மறக்காதீர்கள். புகைபோக்கி உயரத்துக்கு அவர்களிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம், உடலோடு என்ன எரிகிறது என்பதும் முக்கியம். பி.வி.சி., ரெக்சின் மாதிரிக் குளோரின் உள்ள பொருள்கள் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அதனால் கழுத்துப்பட்டை, பொம்மை, மெத்தை எதையும் உள்ளே வைக்க மாட்டோம், பருத்தித் துணி மட்டும்தான். இதில் ஊர்க்காரர்களைவிட நாய் வளர்த்தவர்கள்தான் அதிகம் சண்டை போடுவார்கள். "அந்தப் பந்து இல்லாம அவன் தூங்கமாட்டான்" என்று அழுபவரிடம் டையாக்சின் பற்றிப் பேச முடியாது. பந்தைச் சாம்பலோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

தண்ணீர்க் கவலை இந்தக் கரையில் ரொம்ப நியாயமானது. மணலுக்கு அடியில் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. நாய் செத்தால் கொல்லையில் மூன்றடி தோண்டிப் புதைத்துவிட்டு, பத்தடி தள்ளிக் கிணற்றில் இறைக்கிறார்கள். எரிப்பதில் அந்தப் பிரச்சினை இல்லை என்பதை எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். ஆனால் கொட்டகை, வண்டி கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஜமாத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார், அதுதான் சரியான கேள்வி. எங்கள் நிலத்தின் ஓரமாக ஊருணிக்கு வரத்துக்கால் ஒன்று போகிறது. பல வருஷமாகத் தூர்ந்து கிடந்ததால் எங்கள் கண்ணில் அது வாய்க்காலாகவே படவில்லை. இப்போது கழுவுவதெல்லாம் மூடிய தொட்டிக்குப் போகிறது, வரத்துக்கால் பக்கம் கரை போட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வண்டி பள்ளிவாசல் தெரு வழியே வரக் கூடாது என்றும் கேட்டார். சுற்றுப்பாதை இருக்கிறது, டீசல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

வெறிநாய் பற்றியும் கேட்பார்கள். எரியும் சூட்டில் ரேபிஸ் கிருமி நிற்காது. ஆபத்து உடலைத் தூக்கும் கையில் இருக்கிறது. தூக்குபவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி, கையுறை, சந்தேகமான உடல் என்றால் கால்நடை மருத்துவரின் கடிதம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"நாய்க்குப் போய் இம்புட்டுச் செலவா" என்ற நக்கலும் வரும். ஆனால் நான் நினைத்ததைவிடக் குறைவு. மஞ்சுவிரட்டுக் காளை செத்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, ஊரே கூடி அடக்கம் செய்யும் சீமை இது. மிருகத்துக்காக அழுவது இங்கே யாருக்கும் விசித்திரமில்லை, அதற்கு ரசீது போடுவதுதான் புதுசு.

பதில் சொல்ல முடியாத எதிர்ப்பும் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். "ஒங்க போர்டப் பாத்தா எவன் என் பிளாட்ட வாங்குவான்?" என்றார். விலை இறங்காது என்று அவருக்கு உறுதி கொடுக்க நான் யார்? மெயின் ரோட்டில் போர்டு வைக்கவில்லை, வேலியோரம் பூவரசும் வேம்பும் வைத்தோம், கொட்டகை வெளியே தெரியாது. அவர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன்.

ஒரு ஆசையை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். ராமேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது, மதுரையிலிருந்து வரும் நாய்க்கு அக்னி தீர்த்தத்தில் அஸ்தி கரைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் போட்டால் ஆள் வரும். வரத்தான் செய்யும். ஆனால் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க எங்கிருந்தோ வந்து நிற்கிறவர் பக்கத்தில் அதைச் செய்தால், புகைக்கு வந்த எதிர்ப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். 20 கிலோ நாய்க்கு முக்கால் கிலோ அளவு சாம்பல்தான் வரும். வீட்டுத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணோடு கலந்து செடி வைக்கச் சொல்கிறோம், பெரும்பாலானவர்களுக்கு அதுவே பிடிக்கிறது. அதேபோல், கரை ஒதுங்கிய ஆமையையோ கடல் பசுவையோ யாராவது நல்ல எண்ணத்தில் தூக்கிக்கொண்டு வந்தால் தொடவே தொடாதீர்கள். அவை 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருபவை, வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான்.

வருமானம்? மெல்லிசுதான். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் நான்கையும் சேர்த்தாலும் சென்னையின் ஒரு பேட்டைக்கு ஈடாகாது. இடம் பார்ப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவர்களைக் கேட்டு, மாதம் எத்தனை உடல் வரும் என்று கணக்குப் போடுங்கள். எங்களுக்கு வேறு வருமானம் இருப்பதால் ஓடுகிறது. ரோட்டில் அடிபட்டுச் சாகும் தெருநாய்களை ஊராட்சிக்காக இலவசமாக எரித்துத் தருகிறோம். கணக்கில் அது நஷ்டம். ஊரில் எங்களுக்கு இருக்கும் நல்ல பேருக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

காகித வேலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை முதலில், கட்டி முடித்தபின் இயக்குவதற்கான இசைவாணை. ஊராட்சி அனுமதியும் நில வகைப்பாடும் தனி. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே போய்த்தான் முதல் தடவையாக விஷயத்தை உடைக்க வேண்டும் என்று இருக்காதீர்கள், கூட்டத்தில் யாரும் மனசு மாறிப் பேசமாட்டார்கள். ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய் உட்காருங்கள், ஜமாத்தையும் பங்குத்தந்தையையும் ஊர்த்தலைவரையும் பாருங்கள். போகும்போது எரிப்பான் கம்பெனியின் பளபளப்பு நோட்டீஸ் வேண்டாம். நிலத்தின் எஃப்.எம்.பி. வரைபடத்தை (சர்வே அளவுப் படம்) பெரிதாக நகல் எடுத்துப் போங்கள், ஒரு பென்சிலோடு. கிணறு எங்கே, தூர்ந்த வாய்க்கால் எங்கே, கருவாடு காய்வது எங்கே என்று அவர்களே குறித்துக் காட்டுவார்கள்.