‘சபோட்டர்’ என்பவர் யார்? வேலை கெட்டுப்போனால் பொறுப்பாளரை அப்படி அழைக்கலாமா?

தங்கள் நிறுவனத்தில் ஒரு திட்டம் தாமதமானதற்காக, பலர் கூடியிருந்த கூட்டத்தில் மேலாளர் தங்களைச் ‘சபோட்டர்’, அதாவது வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கும் நாசகாரர், என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு, அது தங்களுக்குப் பொருந்துமா என்பது கேள்வி. நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, அதே பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். ‘சதி’, ‘நாசவேலை’ என்ற சொற்கள் எங்கள் ஆட்கள் மீது எவ்வளவு எளிதாக விழும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ‘சபோ’ எனப்படும் தங்கள் மரச்செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்ததிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. சான்றுள்ள வரலாறு வேறு. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் தோற்றுப்போய், பழைய கூலிக்கே திரும்ப வேண்டியிருந்தது. தங்களுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட அனுபவமற்ற ஆட்கள் எவ்வளவு மோசமாகச் சரக்கு இறக்கினார்களோ அதே அளவுக்கு அவர்களும் வேலை செய்தார்கள். கேட்ட கூலி கிடைத்தது. இதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டுதான், 1897இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் தொழிற்சங்கவாதி எமில் பூஷே ‘சபோட்டாஜ்’ என்ற முறையை முன்வைத்தார். கூலி குறைவென்றால் வேலையும் அதற்கேற்ப இருக்கும் என்பதே அப்போது அதன் பொருள். வெடிகுண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1910இல் பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பிரதமர் பிரியான் ஊழியர்களை ராணுவப் பணிக்கு அழைத்து முறியடித்தபோது, தந்திக் கம்பிகளை அறுப்பது போன்ற செயல்களோடு இந்தச் சொல் பத்திரிகைகளில் இடம்பெற்று, பிற மொழிகளுக்கும் சென்றது. அதாவது, உலகம் இந்தச் சொல்லைப் பரவலாகக் கற்றுக்கொண்டதே எங்கள் ரயில்வேத் தொழிலாளர்களின் பெயரால்தான்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பிரிவில், மார்கழிக் குளிரில், விடிவதற்குள் பாதையைப் பார்த்து வந்த கீமேன் (தினமும் நடந்தே தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியர்) ஒருவர், வெல்டு வைத்த இடத்தில் தண்டவாளம் முறிந்து இடைவெளி விட்டிருப்பதைக் கண்டார். குளிரில் எஃகு சுருங்கும்போது, ஏற்கெனவே பழுதுள்ள வெல்டு இழுவை தாங்காமல் பிளப்பது எங்களுக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் ரோந்து கூடுவதே அதற்காகத்தான். அவர் விதிப்படி சிவப்புக் கொடியை நட்டுவிட்டு ஓடி, 600 மீட்டரில் ஒன்றும் 1200 மீட்டரில் மூன்றுமாக டெட்டனேட்டர்களை, அதாவது சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஒலி வில்லைகளை, தண்டவாளத்தில் பொருத்தினார். வந்துகொண்டிருந்த பாசஞ்சர் நின்றது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. மறுநாள் காலை செய்தித்தாளில் ‘ரயிலைக் கவிழ்க்கச் சதி’ என்று தலைப்பு வந்தது.

அதற்கு முன்பே காவல்துறையினர் மோப்ப நாயுடன் வந்துவிட்டார்கள். நாய் யாருடைய வாசனையைப் பிடிக்கும்? அந்தப் பாதையில் தினமும் நடக்கிறவருடைய வாசனையைத்தானே பிடிக்கும்! கீமேனின் தோளில் ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தன. அவை அவருடைய தொழிற்கருவிகள் என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கினார்கள். முதலில் கண்டவர் அவர் என்பதும் அவருக்கு எதிராகத் திரும்பியது. ஸ்டேஷன் பெஞ்சில் அன்று மாலை வரை அவரை உட்காரவைத்து, மாற்றி மாற்றி விசாரித்தார்கள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடுகூடக் கிடைக்கவில்லை.

நான் முறிந்த துண்டை எடுத்துவரச் சொல்லி, விசாரணை அதிகாரியின் முன் வைத்தேன். முறிந்த முகப்பைப் பார்த்தாலே உண்மை தெரியும். தண்டவாளத்தின் அடிப்பகுதியில் விரலளவு இடம் கறுத்து, துருவேறி இருந்தது. அது பல மாதங்களாக உள்ளுக்குள் வளர்ந்த பழைய விரிசல். மீதிப் பகுதி சர்க்கரைப் பாகு உறைந்தது போல் மணிமணியாகப் பளபளத்தது. அது அன்று அதிகாலையில் ஒரே நொடியில் பிளந்த பகுதி. அறுத்திருந்தால் ரம்பத்தின் கோடுகள் இருக்கும். சம்மட்டியால் அடித்திருந்தால் நசுங்கல் இருக்கும். இரண்டும் இல்லை. அந்த அதிகாரி நேர்மையானவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீமேனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் செய்தித்தாள் மறுப்பு வெளியிடவில்லை. பின்னர் ரயிலைக் காப்பாற்றியதற்காக அவருக்கு ரொக்கப் பரிசு கிடைத்தது, அதுவும் செய்தியாகவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘போலீஸ் விசாரித்த வீடு’ என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

துறையைக் காப்பாற்றுவதற்காக எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். சதியே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பரில் வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1987 மார்ச்சில் அதே மருதையாற்றில், பாலத்துக்குக் குண்டு வைத்ததில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. முன்னது வெள்ளமும் பராமரிப்பும் சார்ந்த கேள்வி, பின்னதுதான் நாசவேலை. இரண்டிலும் கவிழ்ந்த பெட்டிகள் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே விளைவைப் பார்த்துப் பெயர் வைக்க முடியாது. காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

சட்டமும் இதையே செய்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 150ஆவது பிரிவு, ரயிலுக்கு ஆபத்து விளைவிக்கும் நோக்கத்தோடோ, விளையக்கூடும் என்று அறிந்தோ தண்டவாளத்தைப் பெயர்ப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. 154ஆவது பிரிவு, அசட்டையால் பயணிகளுக்கு ஆபத்து ஏற்படுத்துபவருக்கு ஓராண்டு வரைதான் சிறை என்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மனத்தில் இருந்த எண்ணத்தின் தூரம்.

எண்ணம் இருந்தாலும் அந்தச் சொல் எப்போதும் வசையாகிவிடாது. 1943 பிப்ரவரியில், ஜெர்மனியின் பிடியிலிருந்த நார்வேயில், யோவாக்கிம் ரோன்னபெர்க் தலைமையிலான குழு வெமோர்க் ஆலைக்குள் ரயில் பாதை வழியாக நுழைந்து, ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கனநீரைத் தயாரிக்கும் கலங்களைத் தகர்த்தது. திரி கொளுத்தும் நேரத்தில், அங்கிருந்த நார்வேக் காவலாளி தன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று சொல்ல, அதைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் கொளுத்தினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அவர்கள் நாட்டில் அவர்கள் வீரர்கள். நம் கோவைப் பகுதியில் 1942 ஆகஸ்டில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தவர்களை வெள்ளை அரசு குற்றவாளிகள் என்றது. நாம் தியாகிகள் என்கிறோம். நெல்சன் மண்டேலா 1964இல் நீதிமன்றத்தில், தான் நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். இவர்கள் எல்லாரும் தாங்கள் செய்வது இன்னதென்று தெரிந்து செய்தவர்கள்.

செய்யாதவர் தலையில் அந்தப் பெயரைச் சுமத்துவதுதான் கொடுமை. 1928இல் சோவியத் ஒன்றியத்தில் ஷாக்தி நிலக்கரிச் சுரங்கங்களின் பொறியாளர்களும் ஊழியர்களுமாக 53 பேரை நாசகாரர்கள் என்று கூண்டில் ஏற்றினார்கள். பழைய இயந்திரங்கள், அவசர இலக்குகள், விபத்துகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மேலிடத்தின் குறை கீழே இருப்பவரின் குற்றமாக மாறும் வழி இதுதான். அளவில் சிறியதாக அது எந்த அலுவலகத்திலும் நடக்கும்.

தங்கள் விஷயத்தில், தங்கள் நிலைமை நான் நினைப்பது போலத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1944இல் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., எதிரி நாட்டு அலுவலகங்களை முடக்குவதற்காக ஒரு கையேடு தயாரித்தது. எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பு, முடிந்த முடிவை மறுபடி விவாதத்துக்கு எடு, எழுத்து மூலமான உத்தரவு கேள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எந்தச் சதி எண்ணமும் இல்லாமலே பல அலுவலகங்களில் இவை நடக்கின்றன, தங்கள் திட்டமும் அப்படித்தான் தாமதமாகியிருக்கும் என்பது என் ஊகம். தங்கள் திட்டம் தாமதமான நாட்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நாளும் கோப்பு யார் மேசையில் இருந்தது என்பதைத் தேதியோடு குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது தங்கள் மேசையில் இருந்திருக்காது. அந்தத் தாளையும் தொடர்புடைய மின்னஞ்சல்களையும் இணைத்து, எந்தச் செயலை, எந்த நோக்கத்தோடு தாங்கள் செய்ததாக மேலாளர் கருதுகிறார் என்பதை எழுத்தில் தருமாறு மனிதவளப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தர அவரால் முடியாவிட்டால், அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னிலையில் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேளுங்கள். என் கீமேனுக்குக் கிடைக்காத அந்த மறுப்பைத் தாங்கள் கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.